பச்சையாக ஒரு கடிதம்

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் பிள்ளைகளுக்கு ஹோம்வொர்க் ஞாபகம் வரும். என் பையனுக்கும் வந்தது. ஐந்தாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். நான் சட்டினியைத் தொட்டுக்கொண்டு நாலாவது தோசையில் இருந்த சமயம்.

"அப்பா, அடியில கோடு போட்ட வார்த்தை அட்ஜெக்டிவா, அட்வெர்பான்னு எழுதணும்."

நோட்டை இடது கையால் வாங்கிப் பார்த்தேன். 'தே பெயின்ட்டட் தி டோர் ரெட்.' அதில் 'ரெட்'டுக்குக் கீழே கோடு.

தோசை தொண்டையில் நின்றது.

சமையலறையிலிருந்து என் மனைவியே பதில் சொல்லிவிட்டாள். "இதுகூடத் தெரியாதாடா? 'ஹௌ'ன்னு கேட்டுப் பாரு. எப்படி அடிச்சாங்க? சிவப்பா அடிச்சாங்க. எப்படின்னு கேட்டா பதில் வருதில்ல? அப்ப அட்வெர்ப். எழுதிட்டுப் போய்த் தூங்கு."

"இல்லை" என்றேன்.

"என்ன இல்லை?"

"அது அட்ஜெக்டிவ்."

அவள் கரண்டியோடு வெளியே வந்தாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் இங்கிலீஷ் விஷயத்தில் நான் வாயைத் திறந்ததே கிடையாது. பள்ளிக்கூடத்து பேரன்ட்ஸ் மீட்டிங்கில் கூட ஓரமாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டே இருந்துவிட்டு வரும் ஜாதி நான். 'அம்மா பேசுவாங்க' என்று கையைக் காட்டிவிடுவேன். அப்பேர்ப்பட்டவன் திடீரென்று இலக்கணம் பேசினால் சந்தேகம் வரத்தானே செய்யும்?

அவளுக்குத் தெரியாது. இந்த ஒரு சமாசாரத்தில் மட்டும் நான் டாக்டர் பட்டம் வாங்காத டாக்டர். ஃபீஸ் கொஞ்சம் அதிகமாகக் கட்டிப் படித்தது.

2013 டிசம்பர். கிண்டிப் பக்கம் ஒரு கம்பெனி. பெயர் வேண்டாம். அங்கே அக்கவுன்ட்ஸ் செக்ஷனில் கடைசி மேஜை என்னுடையது. விருத்தாசலம் பக்கம் தமிழ் மீடியம் படித்து, பி.காம். முடித்து, ட்ரயல் பேலன்ஸை மட்டும் பயமில்லாமல் போடத் தெரிந்தவன். டெபிட்டும் கிரெடிட்டும் எந்த பாஷையிலும் டெபிட், கிரெடிட்தான். அந்த தைரியம்.

அன்றைக்கு அட்மின் பையன் லீவு. மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "பொங்கலுக்குள்ள பில்டிங்குக்கு பெயின்ட் அடிக்கணும். சன்னலுக்கெல்லாம் பச்சை, கேட்டுக்குக் கறுப்பு. கான்ட்ராக்டருக்கு ஒரு மெயில் போட்டுடு. எனக்கு சிசி வை."

நான் முக்கால் மணி நேரம் யோசித்து, டிக்ஷனரி பார்த்து, பியூன் வாங்கி வந்த டீயை ஆறவைத்து எழுதினேன்: 'கைண்ட்லி பெயின்ட் தி விண்டோஸ் க்ரீன்லி அண்ட் தி கேட் ப்ளாக்லி பிஃபோர் பொங்கல்.'

இப்போதும் அந்த வாக்கியத்தைப் பார்த்தால் எனக்கு லேசாகப் பெருமையாகத்தான் இருக்கிறது. யோசித்துப் பாருங்கள். பச்சை என்றால் க்ரீன். பச்சையாக என்றால்? குயிக் - குயிக்லி, ஸ்லோ - ஸ்லோலி, நீட் - நீட்லி. எட்டாம் வகுப்பு வாத்தியார் பிரம்போடு சொல்லிக் கொடுத்த சூத்திரம். 'ஆக' வந்தால் 'எல்.ஒய்.' போடு. போட்டேன். ஒரு 'கைண்ட்லி' வேறு. வாக்கியத்தில் மொத்தம் மூன்று எல்.ஒய். எதுவும் விட்டுப்போகவில்லை.

மத்தியானம் சாப்பாட்டு ஹாலில் மேனேஜர் செல்போனை எடுத்து எல்லோர் முன்னாலும் வாசித்தார். ஏற்ற இறக்கத்தோடு. டிபன் பாக்ஸ் மூடிகள் கீழே விழும் அளவுக்குச் சிரிப்பு. மார்க்கெட்டிங் செக்ஷன்காரர் ஒருவர் "அப்ப என் சட்டை ப்ளூலியா இருக்கா?" என்று கேட்டார். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது? தயிர் சாதத்தில் மாவடு இருந்தது ஞாபகம் இருக்கிறது. அதைச் சாப்பிட்டேனா என்பது ஞாபகம் இல்லை.

அன்றிலிருந்து என் பெயர் 'க்ரீன்லி'. பெற்றோர் வைத்த பெயரை வாட்ச்மேன் கூட மறந்துவிட்டார். "க்ரீன்லி சார், உங்களுக்கு கூரியர்!"

அந்த மெயிலைப் படித்து ஒரே ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. பெயின்ட் கான்ட்ராக்டர். மேஸ்திரியை அனுப்பினார். பட்டி பார்த்து, ப்ரைமர் அடித்து, சன்னலுக்குப் பச்சை எனாமல், கேட்டுக்குக் கறுப்பு, எல்லாம் பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பே பளபளவென்று முடிந்துவிட்டது. ஒரு சந்தேகம் கேட்கவில்லை. ஏனென்றால் அவரும் நம்ம ஆள். என் இங்கிலீஷுக்குள் இருந்த தமிழ் அவருக்கு நேராகக் கேட்டுவிட்டது.

வேடிக்கை அத்தோடு போயிருந்தால் இந்தப் பக்கத்தில் அதை எழுதியிருக்க மாட்டேன். அடுத்த மார்ச்சில் கோயம்புத்தூர் பிராஞ்சில் ஒரு இடம் காலியானது. கஸ்டமர்களுக்குக் கடிதம் எழுதும் வேலையும் சேர்ந்தது. மாசம் நாலாயிரம் கூட. சீனியாரிட்டிப்படி எனக்குத்தான் வரவேண்டும். மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டார். கேட்கும்போது அவர் உதட்டோரத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. இருந்ததோ, எனக்குத்தான் அப்படித் தோன்றியதோ, இன்றைக்கு வரை தீர்மானமாகச் சொல்ல முடியவில்லை.

"எனக்கு வேண்டாம் சார். பரவால்ல" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் செய்யவேண்டியிருந்த வருஷம் அது. நாலாயிரம் எவ்வளவு பெரிய தொகை என்று எனக்குத் தெரியும். பி.காம். படித்தவனாயிற்றே!

எங்கள் ஆபீஸ் கேஷியர் பழைய பி.யு.சி. ரிட்டயராக ஆறு மாசம் பாக்கி. ரூபாய் நோட்டை எண்ணுவதைத் தவிர வேறு எதற்கும் வாயைத் திறக்காத மனுஷர். சாப்பாட்டு ஹாலில் அன்றைக்குச் சிரிக்காத இரண்டாவது ஆள் அவர் என்பதை நான் கவனித்திருக்கவில்லை. கோயம்புத்தூர் விஷயம் காதில் விழுந்ததும் என்னை டீக்கடைக்கு அழைத்துக்கொண்டு போனார். இரண்டு டீ, இரண்டு வடை. காசு அவரே கொடுத்தார். கேஷியர் தன் சொந்தக் காசை எடுப்பதை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன்.

"தம்பி, அன்னிக்கு நீ எழுதினதுல தப்பு எங்கேன்னு யாராவது சொன்னாங்களா?"

யோசித்துப் பார்த்தேன். நாற்பது பேர் சிரித்தார்கள். ஒருத்தர் கூடச் சொல்லவில்லை.

"சொல்லத் தெரியாது. அதான் சிரிச்சாங்க. பெயின்ட் அடிச்சு முடிச்சாச்சு. இப்ப எது பச்சையா இருக்கு? சன்னலா, அடிச்ச வேலையா?"

"சன்னல்."

"அப்ப 'க்ரீன்'ங்கிறது சன்னலோட சொத்து. சன்னல் பெயர்ச்சொல். பெயர்ச்சொல்லுக்குச் சேர்ந்தது அட்ஜெக்டிவ். அதை எதுக்கு நீ பிடுங்கி பெயின்ட்டர் கையில கொடுக்கிறே? பெயின்ட்டர் எப்படி அடிச்சான்? வேகமா அடிச்சான், சுத்தமா அடிச்சான், பீடி குடிச்சுக்கிட்டே அடிச்சான். அதெல்லாம் அவன் வேலையைப் பத்தினது. அதுக்குத்தான் எல்.ஒய்."

எனக்கு அரைகுறையாகப் புரிந்தது. முகத்தைப் பார்த்தே அவர் கண்டுபிடித்துவிட்டார். வடையைப் பிய்த்து இரண்டு பக்கமும் வைத்தார்.

"'இஸ்' போட்டுப் பாரு. தி விண்டோ இஸ் க்ரீன். சரியா இருக்கா? தி விண்டோ இஸ் குயிக்லி. சரியா இருக்கா?"

"இல்லை சார். உதை விழும்."

"அவ்வளவுதான். 'இஸ்' போட்டா நிக்குதுன்னா அட்ஜெக்டிவ். நிக்காம விழுந்தா அட்வெர்ப். இங்கிலீஷ்காரன் கலரை வினைச்சொல்லுக்குப் பக்கத்துல உக்கார வச்சாலும் அது பொருளோட ஆள்தான். டோரை ஓப்பனா தள்ளினான், முட்டையை ஹார்டா வேக வச்சான், எல்லாம் அதே கணக்குதான். தள்ளினதுக்கப்புறம் ஓப்பனா இருக்கிறது கதவு. வெந்ததுக்கப்புறம் ஹார்டா இருக்கிறது முட்டை."

பிறகு அவர் சொன்னதுதான் முக்கியம். "இது உன் மக்குத்தனம் இல்ல தம்பி. தமிழ் செஞ்ச வேலை. நம்ம 'ஆக' இருக்கே, அது ரொம்ப தாராளமான ஆசாமி. கதவு சிவப்பாக இருக்குது, அதுக்கும் 'ஆக'. கதவை சிவப்பாக அடி, அதுக்கும் 'ஆக'. கதவை வேகமாக அடி, அதுக்கும் 'ஆக'. ஒரே சாவி, மூணு பூட்டையும் தொறக்கும். இங்கிலீஷ்ல மூணு பூட்டுல ரெண்டுக்கு வேற சாவி. நீ தமிழ்ல யோசிச்சு ஒழுங்கா எழுதியிருக்கே. சாவிதான் மாறிடுச்சு."

எட்டாம் வகுப்பிலிருந்து பி.காம். வரை எனக்கு யாரும் இதைச் சொல்லித் தரவில்லை. 'ஹௌ என்று கேள், பதில் வந்தால் அட்வெர்ப்' என்றுதான் சொன்னார்கள். அந்தக் கேள்வியைத் தமிழ்ப் பையன் மனசுக்குள் தமிழில்தான் கேட்பான். எப்படி இருக்கிறது? சிவப்பாக. எப்படி அடித்தான்? சிவப்பாக. எப்படி முறைத்தான்? கோபமாக. எல்லாவற்றுக்கும் பதில் வந்துகொண்டேதான் இருக்கும்! 'ஹீ லுக்ட் ஆங்ரி' என்றால் ஆள் கோபமாகத் தெரிந்தான். 'ஹீ லுக்ட் அட் மீ ஆங்ரிலி' என்றால் என்னைக் கோபமாகப் பார்த்தான். தமிழில் இரண்டும் கோபமாக. நான் என்ன செய்ய?

அந்த டீக்குப் பிறகு கலர் வார்த்தை எங்கே கண்ணில் பட்டாலும் நின்று பார்க்கிற வியாதி எனக்கு வந்துவிட்டது. பஸ்ஸில் போகும்போது கூட. சில சங்கதிகளை உங்களோடு பகிர்ந்துகொள்ளாவிட்டால் தலை வெடித்துவிடும்.

முதலில், என் மானத்தைக் காப்பாற்றும் ஒரு செய்தி. 'க்ரீன்லி' என்று ஒரு வார்த்தை நிஜமாகவே இருக்கிறது. 'ரெட்லி', 'ப்ளாக்லி' எல்லாம் கூடப் பெரிய டிக்ஷனரிகளில் உண்டு. அடுப்புக் கங்கு ரெட்லியாகக் கனன்றது என்று கதாசிரியர்கள் எழுதலாம். கனல்கிற காரியமே அங்கே சிவப்பு அல்லவா? பெயின்ட்டருக்குத்தான் அந்தச் சலுகை கிடையாது. 'க்ரீன்லி'யை உபயோகித்தவர் யார் தெரியுமா? சாட்சாத் ஷேக்ஸ்பியர். 1600-ஐ ஒட்டி எழுதிய 'ஹாம்லெட்' நாடகத்தில், பொலோனியஸை அவசர அவசரமாக, ரகசியமாகப் புதைத்தது பற்றி ராஜா கிளாடியஸ் வருத்தப்படும் இடத்தில் இந்த வார்த்தை வருகிறது. அங்கே பச்சைக்கு அர்த்தம் கலர் இல்லை. விவரம் தெரியாமல், பக்குவம் இல்லாமல் செய்துவிட்டோம் என்று பொருள். நாம் 'பச்சப்புள்ள' என்கிறோமே, அதே பச்சை!

'ப்ளாக்லி'யைத் தேடினேன். ஒருத்தன் ப்ளாக்லியாகப் பார்த்தான் என்றால் கடுங்கோபமாகப் பார்த்தான் என்று அர்த்தம். நம்ம தொல்காப்பியரும் கறுப்பு, சிவப்பு என்ற இரண்டு சொல்லுக்கும் கோபம் என்று ஒரு பொருள் சொல்லி வைத்திருக்கிறார். லண்டனுக்கும் நமக்கும் இப்படி ஒரு ரகசிய உடன்படிக்கை.

ஆக, என்னுடைய அந்த மெயிலை டிக்ஷனரிப்படி தமிழாக்கினால் இப்படி வரும்: 'சன்னல்களை விவரம் கெட்டதனமாகவும், கேட்டைக் கடுங்கோபமாகவும் பொங்கலுக்குள் பெயின்ட் அடித்துத் தரவும்.'

மேனேஜர் சிரித்தது சரிதான் போலிருக்கிறது.

தமிழிலும் 'பச்சையாக' லேசுப்பட்ட வார்த்தை அல்ல. கேரட்டைப் பச்சையாகத் தின்னலாம். பச்சையாகப் பேசினால் பெண்கள் எழுந்து போய்விடுவார்கள். இரண்டிலும் கலர் கிடையாது. அந்த 'பச்சை' இங்கிலீஷுக்குப் போகும்போது மட்டும் நீலமாகிவிடுகிறது. (எந்த சினிமா என்று உங்களுக்குத் தெரியும். தெரியாத மாதிரி நடிக்க வேண்டாம்.) தாசில்தார் பச்சையில் கையெழுத்துப் போடுகிறார் என்பதை எப்படிச் சொல்வது? க்ரீன்லி என்று சொன்னால் விவரம் தெரியாமல் கையெழுத்துப் போட்டார் என்றாகி, உங்கள் சர்ட்டிஃபிகேட் செல்லாமல் போய்விடும். 'இன் க்ரீன்' என்று சொல்லவேண்டும். கலரை வினையோடு ஒட்டவேண்டிய கட்டாயம் வந்தால் இங்கிலீஷ்காரன் முன்னால் ஒரு 'இன்' வைத்துக்கொள்கிறான். இன் ப்ளாக் உடுத்தினான், இன் ரெட் எழுதினான். கம்பெனி கணக்கு நஷ்டத்தில் போனால் 'இன் தி ரெட்'. இந்த ஒன்றை மட்டும் எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

கலர் வினையுரிச்சொல்லாகவே வேலை செய்யும் இடம் ஒன்றும் இருக்கிறது. 'ரெட் ஹேண்டட்'. பிடிபட்டான், எப்படி? கையும் களவுமாக. பழைய ஸ்காட்லாந்துச் சட்டத்திலிருந்து வந்த பேச்சு. கொலை செய்தவன் கையில் ரத்தம் காய்வதற்குள் பிடிப்பது. நம்ம லஞ்ச ஒழிப்புப் போலீஸார் ரூபாய் நோட்டில் பினாப்தலின் பவுடரைத் தடவிக் கொடுத்து அனுப்புகிறார்கள். வாங்கியவர் கையை சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் தண்ணீர் ரோஸ் கலராகிவிடும். நியாயமாகப் பார்த்தால் பேப்பர்காரர்கள் 'பிங்க் ஹேண்டட்' என்றுதான் எழுதவேண்டும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொன்று. இங்கிலீஷில் சிவக்க வைப்பது 'ரெட்டன்', கறுக்க வைப்பது 'ப்ளாக்கன்', வெளுக்க வைப்பது 'வொயிட்டன்'. அதே மாதிரி 'க்ரீனன்', 'ப்ளூவன்' என்று சொல்ல முடியாது. 'ட்', 'க்' மாதிரி வல்லோசையில் முடியும் ஓரசை வார்த்தையோடுதான் அந்த 'அன்' ஒட்டும். டார்க்கன், ஷார்ப்பன் எல்லாம் அந்த வகை. 'ன்'னில் முடிகிற க்ரீன், ப்ரவுனோடு ஒட்டாது. வெங்காயத்தை நேரடியாக 'ப்ரவுன்' செய்ய வேண்டியதுதான். இது அவர்கள் வாய் விஷயம், நமக்கென்ன என்று விட்டுவிடலாம் என்று பார்த்தேன். விட முடியவில்லை. ஏனென்றால் நம்மிடமும் சிவக்கிறது, கறுக்கிறது, வெளுக்கிறது என்று இந்த மூன்றுக்குத்தான் தினசரிப் பேச்சில் ஜம்மென்று வினைச்சொல் இருக்கிறது. மஞ்சளுக்குக் கிடையாது. நீலத்துக்குக் கிடையாது, 'நீலம் பாரித்தது' என்று இரண்டு வார்த்தை வேண்டும். நம்ம வாய்க்கும் அவர்கள் வாய்க்கும் சம்பந்தமே இல்லை. மூன்று கலர் மட்டும் எப்படி ஒத்துப்போயிற்று? பெர்லின், கே என்று இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1969-ல் பல மொழிகளின் கலர் வார்த்தைகளை அலசி ஒரு புத்தகம் போட்டார்கள். ஒரு மொழியில் இரண்டே கலர் வார்த்தை இருந்தால் அது கறுப்பும் வெள்ளையும்தான், மூன்றாவதாகச் சேர்வது சிவப்பு, பச்சையும் மஞ்சளும் அதற்கப்புறம், நீலம் இன்னும் பின்னால் என்று அவர்கள் கண்டது. நம்ம மூன்றும் சரியாக முதல் மூன்று சீட்டில் உட்கார்ந்திருக்கின்றன. இது தற்செயலா, இல்லையா என்று சொல்லும் அளவுக்கு எனக்குப் படிப்பு போதாது. ஆனால் ராத்திரி ஒரு மணிக்கு இதைக் கண்டுபிடித்துவிட்டு யாரிடமாவது சொல்லவேண்டும் என்று துடித்தேன். பக்கத்தில் மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பவில்லை. எனக்கும் உயிர் மேல் ஆசை உண்டு.

(ஜவுளிக்கடை விஷயத்தில் மட்டும் என் கலர் ஞானம் எடுபடாது. 'டார்க் ப்ளூ'வில் டார்க்குக்கு ஏன் எல்.ஒய். வரவில்லை, அங்கே ப்ளூ ஒரு கலரின் பெயராக நிற்கிறது, ஆகவே டார்க் அதற்கு அட்ஜெக்டிவ் என்று நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே அவள் எம்.எஸ். ப்ளூவுக்கும் ஆனந்தா ப்ளூவுக்கும் வித்தியாசம் பார்த்து பில் போட்டுவிடுவாள்.)

சரி, தோசைக்கு வருவோம். இத்தனை பின்னணியோடுதான் நான் 'அட்ஜெக்டிவ்' என்று சொன்னேன். பையன் அம்மாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். என்ன தோன்றியதோ, அட்ஜெக்டிவ் என்றே எழுதிக்கொண்டு போய்விட்டான்.

செவ்வாய்க்கிழமை நோட்டு திரும்பி வந்தது. என் பதிலுக்கு மேல் பெரிய பெருக்கல் குறி. பக்கத்தில் 'அட்வெர்ப்' என்று திருத்தியிருந்தது. சிவப்பு மையில்.

"உங்க பேச்சைக் கேட்டதுக்கு ஒரு மார்க் போச்சு" என்றாள் என் மனைவி. வேறு எதுவும் சொல்லவில்லை. அவளைக் குறை சொல்ல முடியாது.

"மிஸ்ஸுக்கு ஒரு லெட்டர் எழுதித் தர்றேன்" என்றேன்.

பையன் முகம் மாறிவிட்டது. "வேணாம்ப்பா. எனக்கு ஒரு மார்க் போனா பரவால்லப்பா."

அந்த 'பரவால்ல'வை நான் எங்கேயோ கேட்டிருக்கிறேன். எங்கே என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்தேன். கம்பெனி வேலையை விட்டு, கடைக்காரர்களுக்கு ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட்டுக்கொண்டு, நடுவில் இந்த மாதிரிப் பத்தி எழுதிக்கொண்டு இருக்கிறேன். இத்தனை வருஷத்தில் இங்கிலீஷில் முழுசாக ஒரு கடிதம் எழுதியதில்லை. எல்லாம் 'ப்ளீஸ் ஃபைண்ட் அட்டாச்ட்' ரகம். முதல் டிராஃப்ட் இரண்டு பக்கம் வந்தது. அதில் ஹாம்லெட் இருந்தார். மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "மிஸ்ஸுக்கு லெட்டரா, பி.எச்.டி.யா?" என்றாள். ஹாம்லெட்டை எடுத்தேன். இரண்டாவதில் கோபம் இருந்தது, அதை எடுத்தேன். மூன்றாவதில் மன்னிப்பு அதிகமாக இருந்தது. நாலாவது நாலே வரி. பெயின்ட் அடித்த பிறகு சிவப்பாக இருப்பது கதவு. 'தி டோர் இஸ் ரெட்' என்று சொல்லலாம். ஆகவே ரெட் என்பது டோருக்கு அட்ஜெக்டிவ் என்று நினைக்கிறேன். தவறிருந்தால் தயவுசெய்து தெரிவிக்கவும். அந்தத் 'தயவுசெய்து'வுக்கு கைண்ட்லி போடலாமா, ப்ளீஸ் போடலாமா என்று பத்து நிமிஷம் போயிற்று. ப்ளீஸ் போட்டேன். எல்.ஒய். என்றாலே இன்னும் கை நடுங்குகிறது.

கையெழுத்துப் போட்டு நோட்டுக்குள் வைத்தேன். பையன் அதைத் தேளைத் தூக்குகிற மாதிரி தூக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

புதன்கிழமை பதில் இல்லை. வியாழக்கிழமை இல்லை. அந்த இரண்டு நாளும் ஸ்டாஃப் ரூமில் பத்து டீச்சர்கள் டிபன் பாக்ஸோடு உட்கார்ந்து, நடுவில் ஒருவர் என் கடிதத்தை ஏற்ற இறக்கத்தோடு வாசிப்பதாகவே எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. ஒரு கடையின் ஜி.எஸ்.டி.யில் எண்ணூறு ரூபாயை எண்ணாயிரமாக அடித்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் நோட்டு வந்தது. என் கடிதத்துக்குக் கீழேயே மிஸ் எழுதியிருந்தார். நீங்கள் சொல்வது சரி, நானும் 'ஹௌ' என்று கேட்டுத்தான் அப்படி எழுதிவிட்டேன், வகுப்பு முழுவதற்கும் திருத்திவிட்டேன், நன்றி. பெருக்கல் குறியை அடித்து ஒரு டிக். ஒரு மார்க்.

"போர்டுல எழுதிப் போட்டாங்கப்பா. கதவு சிவப்பா, அடிச்சது சிவப்பான்னு கேட்டாங்க. தமிழ்லயே கேட்டாங்க!" என்றான் பையன். ஆனால் முகத்தில் சந்தோஷத்தைக் காணோம்.

"அப்புறம் என்னடா?"

"மத்தவங்க எல்லாரும் அட்வெர்ப்னு எழுதியிருந்தாங்க. முப்பத்தி எட்டு பேருக்கும் ஒரு மார்க் குறைச்சுட்டாங்க. எல்லாம் உங்கப்பாவாலதான்னு கத்துறாங்க. நாளைக்கு ஸ்பெஷல் கிளாஸுக்கு வந்தா ப்ளாக் அண்ட் ப்ளூவா அடிப்போம்னு சொல்லியிருக்காங்க. நான் போக மாட்டேன்."

எனக்கு நாக்கு துறுதுறு என்றது. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை.

"பயப்படாதடா. அடிச்ச பிறகு ப்ளாக் அண்ட் ப்ளூவா இருக்கப்போறது உன் முதுகு. 'இஸ்' போட்டுப் பாரு, நிக்கும். அதுவும் அட்ஜெக்டிவ்தான்."

சமையலறை வாசலில் நின்றபடி என் மனைவி என்னைப் பார்த்தாள். எப்படிப் பார்த்தாள் என்று கேட்டால், அதற்குப் பதில் சுத்தமான அட்வெர்ப். ப்ளாக்லி.